கையைத் தூக்காதவன்

ஸ்பிரிண்ட் கார் என்கிற பந்தய வண்டிக்குச் சாவி கிடையாது, கிளட்ச் கிடையாது, ஸ்டார்ட்டரும் கிடையாது. தலைக்கு மேல் கதவு அகலத்துக்கு ஓர் இறக்கை, முன்னால் தொள்ளாயிரம் குதிரைத்திறன் என்ஜின். இத்தனை இருந்தும் பின்னாலிருந்து யாராவது தள்ளினால்தான் அதற்கு உயிர் வரும். அமெரிக்காவின் அயோவாவில், சோளக்காட்டுக்கு நடுவே இருந்த அந்தக் களிமண் ஓடுதளத்தில், முப்பத்தோரு வருஷமாக அப்படித் தள்ளியவர் ஆர்லோ வீன்ஸ்ட்ரா. வாரமெல்லாம் தன் பண்ணையில் பன்றிகளோடு மல்லுக்கட்டுவார். சனிக்கிழமையானால் முன்பக்கம் டயர் ரப்பர் கட்டிய பிக்கப் வண்டியோடு வந்துவிடுவார். அவரைப் போலச் சட்டென்று தள்ளிக் கிளப்ப ஆளில்லை என்று ஊரே சொல்லும். அந்தப் பெயர்தான் மனுஷனைக் கெடுத்தது.

சீசன் தொடங்கும் சனிக்கிழமை, பந்தயத்துக்கு முன் ஓட்டுநர்கள் கூட்டத்தில் புதியவர்களுக்கு விதிமுறை சொல்வதும் அவர்தான். மஞ்சள் கொடி காட்டினால் எல்லோரும் வேகத்தைக் குறைக்க வேண்டும். நடுவில் நின்றுபோன வண்டி மறுபடி கிளம்பினாலும் வரிசையின் வாலுக்குத்தான் போக வேண்டும். சிவப்பு விழுந்தால் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். முடிந்ததும் ஜெயித்தவன் நேராக எடைமேடைக்குப் போக வேண்டும். வண்டியும் ஆளும் சேர்ந்து எடை குறைந்தால் பரிசு போச்சு. கடைசியாக அவருடைய சொந்த விதி: "உள்ள இருக்கிறவன் தயார்னு கையைத் தூக்குனாத்தான் தள்ளுவேன். தூக்கலைன்னா ஜனாதிபதியே வந்து சொன்னாலும் தள்ள மாட்டேன்."

ஒன்பது வருஷமாக அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம் அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஏனென்றால் ஒருமுறை, கை தூக்காத ஒருவனைத் தள்ளிவிட்டார்.

அன்றைக்கு ரெக்ஸ் ஹூக்ஸ்ட்ரா என்ற ஓட்டுநரின் வண்டி சுழன்று, சுவரில் இடித்து நின்றது. மஞ்சள் கொடி. ஆர்லோ பிக்கப்போடு பின்னால் போய் ஒட்டினார். ரெக்ஸின் கை மேலே வரவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்க வேண்டும். மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது, கூட்டம் காலால் பலகையைத் தட்டியது, ஆர்லோ ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று ஒலிபெருக்கியில் ஒருத்தன் கிண்டலடித்தான். ஆர்லோவுக்குச் சுருக்கென்றது. தள்ளிவிட்டார். என்ஜின் பிடித்துக்கொண்டது. அரைமயக்கத்திலேயே ரெக்ஸ் வரிசையின் வாலில் போய்ச் சேர்ந்தான். பச்சைக் கொடி விழுந்தது, பந்தயம் மறுபடி தொடங்கியது. மூன்றாவது வளைவில் அந்த வண்டி வளையவே இல்லை.

ரெக்ஸ் பிழைத்தான். இடது கை மட்டும் கட்டையாகிப்போனது. நடந்தது எதுவும் அவனுக்கு ஞாபகமில்லை. நொறுங்கிய வண்டியில் ஸ்டியரிங் போல்ட் ஒன்றைக் காணவில்லை. அதை முடுக்கியவன் ரெக்ஸின் கூடப்பிறந்த தம்பி நீல். நான்தான் சரியாக முடுக்கவில்லை போல என்று அவனே சொல்லி அழுதான். ரெக்ஸ் வாயில் வந்தபடி பேசினான். நீல் பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவுக்குப் போய்விட்டான். அண்ணன் தம்பிக்குள் பேச்சு அறுந்தது. ஆர்லோ ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நடந்ததைச் சொல்லாமல் திரும்பி வந்தார். அந்தப் பலகாரத்தைக் கொண்டுபோன வெட்கக்கேட்டை நினைத்து இன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொள்வார். நீலின் நெப்ராஸ்கா போன் நம்பரை எழுதிய துண்டுத்தாள் அவர் பர்ஸில் நைந்துபோய்க் கிடந்தது. எத்தனையோ தடவை போட்டிருக்கிறார், மணி அடிப்பதற்குள் வைத்திருக்கிறார்.

இந்த வருஷக் கூட்டத்துக்கு ரெக்ஸும் வந்திருந்தான், ஓட்ட அல்ல. ஒரு வண்டியின் சொந்தக்காரனாக. ஆர்லோ தன் விதியைச் சொன்னதும் அவன் வண்டி ஓட்ட வந்திருந்த கெண்ட்ரா சிரித்துக்கொண்டே கேட்டாள்: "கை தூக்காதவங்களைத் தள்ளினா என்னதான் ஆகும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்லோ சிரிக்கவில்லை. பின்வரிசையில் ரெக்ஸ் தன் செத்த கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ரெக்ஸுக்கு ஆனது ஆகும்," என்றார். "அன்னிக்கு அவன் கை தூக்கல. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் தள்ளினேன்."

ரெக்ஸ் எழுந்து வெளியே போனான். ஆர்லோவும் பின்னாலேயே போனார். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போனார். அடித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நன்றாகவே இருந்திருக்கும்.

ரெக்ஸ் பிக்கப் வண்டியின் ரப்பரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீல் நம்பர்கூட எங்கிட்ட இல்ல."

ஆர்லோ துண்டுத்தாளை எடுத்து நீட்டினார். ரெக்ஸ் அதைத் தொடவில்லை.

"நான் என்னத்தைப் பேசுவேன்? நீங்க போடுங்க. நீங்கதான் சொல்லணும்."

ஆர்லோ போட்டார். இந்தத் தடவை வைக்கவில்லை. பந்தயத்துக்கு முன் களிமண் தளத்தை அமுக்கி இறுக்குவதற்காக, வேறு ஆட்கள் தள்ளிக் கிளப்பிய வண்டிகள் சுற்றத் தொடங்கியிருந்தன. அந்த இரைச்சல் போன் வழியாக அங்கேயும் கேட்டிருக்க வேண்டும். போனை எடுத்தவன், பேசுவது யார் என்றுகூடக் கேட்கவில்லை.

"திரும்பவும் யாருக்காவது அடிபட்டிருச்சா?" என்றது நீலின் குரல்.

ஆர்லோ போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இல்ல நீல். நான் ஆர்லோ. நீ அந்தப் போல்ட்டை நல்லாத்தான்டா முடுக்கியிருந்தே."