அம்மாவின் கண்ணும் காத்தோட்டிக்காயும்

ஒவ்வொரு வருடமும் புலன் அங்கங்கள் பாடத்துக்கு வரும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். பிள்ளைகள் கண்ணைப் படமாக வரைந்து, வில்லை, விழித்திரை, நரம்பு என்று பெயர் குறித்து, புள்ளி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் இதற்காக எரிச்சல்படக்கூடாதுதான். ஆனால் கண்ணும் மூக்கும் நாக்கும் ஒரு மனுசியை என்ன பாடு படுத்தும் என்பதை நான் புத்தகத்துக்கு முன்பே என் அம்மாவிடம் பார்த்துவிட்டேன்.

அப்பா கருவாட்டு வியாபாரி. எங்கள் வீடு நாவற்குடாவில். விடிய எழும்பி பஸ் ஏறி, மாங்கேணி, வாகரைப் பக்கம் போய்க் கருவாடு வாங்கிச் சாக்கில் கட்டி, பொழுதுபடும் நேரம் திரும்பி வருவார். சாக்குச் சுமந்து சுமந்து வலது தோள் பதிந்துபோயிருந்தது. சாக்கு இல்லாத நாளிலும் சரிந்துதான் நடப்பார். வீட்டுக்கு வரும் ஒழுங்கை முடக்கில் ஆள் திரும்புவதற்கு முன்பே வாடை திரும்பிவிடும் என்று அயலவர்கள் பகிடி பண்ணுவார்கள். அம்மாவுக்கு அந்தப் பகிடி பிடிக்காது. அப்பா வாசலில் கால் வைத்ததும் சேட்டைக் கழற்றச் சொல்லி, கையோடு கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்துவிடுவார்.

நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் அப்பா வரவில்லை. பஸ்ஸை வழியில் மறித்து ஆண்களை இறக்கினார்களாம். இறக்கியது யார் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். காலடியில் சாக்கை வைத்துக்கொண்டு அப்பா வரிசையில் நின்றதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு கண்டவர் எவரும் இல்லை. அம்மா ஏறி இறங்காத முகாம் இல்லை, கந்தோர் இல்லை. எல்லா இடத்திலும் இங்கே அப்படி ஒருவர் இல்லை என்றே சொன்னார்கள்.

வீட்டில் அப்பாவின் வாடை ஒட்டிய ஒரு துணிகூட மிஞ்சவில்லை. அம்மாவின் சுத்தம் அப்படி. சேட்டுகள் எல்லாம் கொடியில் வெயிலில் காய்ந்து கிடந்தன. அம்மா ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, சவர்க்கார மணந்தான் வருகுது என்று தன் கையையே திட்டினார்.

அடுத்த கிழமை சந்தையிலிருந்து பாரைக் கருவாடு வாங்கி வந்தார். பொழுதுபடும் நேரம் தாச்சியை வைத்து இரண்டு துண்டு பொரித்தார். தான் சாப்பிடவில்லை. அது தினப்படி வேலையாகிவிட்டது. மற்றப் புலன்களின் சேதியெல்லாம் மூளையில் ஓரிடத்தில் நின்று விசாரிக்கப்பட்டுத்தான் உள்ளே போகும். மணம் மட்டும் மூக்குக் கூரையின் சிறு துளைகள் வழியாக நேரே ஞாபகம் இருக்கும் பக்கத்துக்குப் போய்விடும் என்று நான் பின்னாளில் படித்தேன். அம்மாவும் ஞாபகத்துக்காகத்தான் பொரிக்கிறார் என்று முதலில் நினைத்திருந்தேன். அது என் கணக்கு. அம்மாவின் கணக்கு வேறு.

எங்கள் ஒழுங்கை முனையை வெட்டிக்கொண்டு பெரிய வீதி போகிறது. அந்த வீதியால் பின்னேரங்களில் ஒரு மனிதர் போவார். வலது தோள் சரிந்திருக்கும். எங்கள் ஒழுங்கைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு அப்படியே போய்விடுவார். அவரை முதல்முதலாகக் கண்ட அன்று அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"அந்தா, அப்பா போறார் புள்ள. சத்தம் போட்டுராத."

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அப்பா இல்லை. கட்டட வேலை ஆயுதப் பையைத் தோளில் மாட்டிய மேசன் ஒருவர். பை நிறைய மட்டக்கட்டை, கரண்டி. திரும்பி வந்து சொன்னால் அம்மா நம்பவில்லை. வீட்டைக் கண்காணிக்கிறார்கள், உள்ளே வந்தால் பிடித்துவிடுவார்கள், அதுதான் நாங்கள் சுகமாயிருக்கிறோமா என்று பார்த்துக்கொண்டு போகிறார் என்றார். நீ போய்க் கேட்டால் வேறு ஆள் என்றுதானே சொல்லுவார் என்றும் சொன்னார். அந்தக் காலத்தில் இதைவிட நடக்கமுடியாத கதையெல்லாம் நடந்ததால் என்னால் வாதாட முடியவில்லை. வாடை ஒழுங்கை முனை வரைக்கும் போகட்டும் என்றுதான் கருவாடு பொரிக்கிறார் என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கியது.

ஆடி அமாவாசை வந்தால் எங்கள் வீட்டில் சண்டை வரும். எங்கள் பக்கத்தில் தகப்பனை இழந்தவர்கள் மட்டும் பிடிக்கிற விரதம் அது. நீரில் முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, படைத்துவிட்டுச் சாப்பிடுவார்கள். படையலில் காத்தோட்டிக்காய் இருந்தாகவேண்டும். பற்றைக் கொடியில் காய்க்கிற, தாங்கமுடியாத கைப்புக் காய். சின்ன வயதில் பக்கத்து வீட்டில் ஒரு துண்டு எடுத்து வாயருகே கொண்டுபோன என் கையை அம்மா தட்டிவிட்டிருக்கிறார். அப்பன் இருக்கிற பிள்ளை அதை வாயில் வைக்கக்கூடாது என்று அவ்வளவு பயம்.

அப்பா போய்ச் சில வருடங்கள் ஆனதும், அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, ஆடி மாதம் பிறந்தால் வந்து உட்கார்ந்துவிடுவார். பிள்ளையை விரதம் பிடிக்க விடு, அந்த மனிதனின் உயிர் தண்ணீருக்கு அலையும் என்பார். கெட்ட மனிதர் அல்ல. அவருக்கும் கண் கலங்கும்.

"அண்ணன், இவள விரதம் புடிக்க விட்டா அவர நானே கொன்று போட்ட மாதிரி," என்பார் அம்மா. மாமா தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

இதற்கிடையில் அம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து, கண்ணில் வெள்ளை படர்ந்தது. கண்ணுக்குள் இருக்கிற வில்லை கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கவேண்டியது. கலங்கிவிட்டால் வெளிச்சம் உள்ளே போகாது, போகிற கொஞ்சமும் சிதறும். கண் அரைகுறையாகக் கொடுப்பதை மூளை தனக்குத் தெரிந்ததைக் கொண்டு நிரப்பிக்கொள்ளும். அம்மாவின் மூளைக்கு நன்றாகத் தெரிந்தது ஒரு தோள்தான். மேசனுடைய முகம் முழுதாக அழிந்துபோய், சரிந்த தோள் மட்டும் மிஞ்சியது. அந்த வருடங்களில் அம்மா ஒருவிதமாகச் சந்தோசமாகவே இருந்தார் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஒருநாள் தாச்சியின் விளிம்பு தெரியாமல் கொதி எண்ணெய்க்குள் விரலை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கலங்கிய வில்லையை எடுத்துவிட்டுப் புது வில்லை வைத்தார்கள். கட்டு அவிழ்த்த அன்று அம்மா முதலில் என் முகத்தைப் பார்த்து, என்ன புள்ள இப்படி மெலிந்துபோனாய் என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. படிப்பித்த பாடம் வீட்டில் பலித்த பெருமை.

வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம் கருவாடு பொரித்துவிட்டு வாசல் படலையடிக்குப் போனார். வழக்கமான நேரத்துக்கு அந்த மனிதர் வந்தார். ஒழுங்கைப் பக்கம் பார்த்தார். வருடக்கணக்காகக் கண்ட முகம் என்பதாலோ என்னவோ, தலையை ஆட்டிச் சிரித்துவிட்டுப் போனார். அம்மா கையைப் படலையில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு காலமும் இந்த ஆள்தானா புள்ள போய் வந்த?"

நான் ஓம் என்றேன். கண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்பாவைப் பறித்துக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு. அம்மா அழவில்லை. அடுப்படிக்குப் போய்க் கருவாட்டைப் பூனைக்குப் போட்டுவிட்டுத் தாச்சியைக் கழுவிக் கவிழ்த்தார். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் அந்த வாடை இல்லை. படலையடிக்கும் அவர் போகவில்லை.

அந்த வருடம் ஆடியில் மாமாவுக்கு உடம்பு சரியில்லை, வரவில்லை. அமாவாசையன்று காலையில் அம்மா என்னை எழுப்பி, வாவியில் முழுகிவிட்டு வா என்று மட்டும் சொன்னார். ஈரத் தலையோடு வந்தபோது வாழையிலை போட்டிருந்தது. சோறு, பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய். ஓரத்தில் கறுத்துப் பொரிந்த காத்தோட்டிக்காய். சந்தைக்குத் தனியே போய், தன் கண்ணாலேயே தெரிந்து வாங்கி வந்திருக்கிறார். நெற்றியில் பொட்டு இல்லை.

கற்பூரம் காட்டி முடிந்ததும் என் இலையில் முதலில் அதைத்தான் வைத்தார். நான் படித்த காலத்துப் புத்தகத்தில் நாக்கின் நுனிக்கு இனிப்பு, அடிநாக்குக்குக் கைப்பு என்று ஒரு படம் இருந்தது. அது பிழை. எங்கே வைத்தாலும் கைக்கிறது. அம்மா எதிரே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்புச் சரியா புள்ள? படையலெண்டு நான் வாயில வெச்சுப் பாக்கல்ல."

எங்கள் வீட்டில் படையல் என்று அம்மா சொன்னது அன்றுதான். உப்புக் கூடியிருந்தது. அளவாக இருக்கிறது என்றேன். அம்மா இன்னும் இரண்டு துண்டு எடுத்து என் இலையில் வைத்தார்.