மண்டபம்வரை போன கால்

1954 ஆகஸ்ட் 3, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தேகால் மணி. சாரல் விழுந்துகொண்டிருந்தது, காற்று இல்லை. இலங்கைக்குப் புறப்படுவதற்காக என் மனைவி நேசம்மாள் புடவை உடுத்திக்கொண்டு அறையிலிருந்து வந்தபோது அவளுடைய இடது கால் வழக்கத்தைவிடச் சிறுத்துத் தெரிந்தது. விளக்கு மங்கலாக இருக்கிறது என்று நினைத்தேன். மகளைப் பார்க்கப் போகும் சந்தோஷத்தில் வீக்கம் வற்றியதோ என்றும் ஒரு கணம் தோன்றியது.

எங்கள் வீடு பாறசாலைக்குக் கிழக்கே ஒன்றரை மைல். நான் அஞ்சல் ஆபீசில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அப்போது எனக்கு வயது அறுபத்தேழு, அவளுக்கு அறுபத்து மூன்று. அவளுக்கு யானைக்கால் நோய் (கொசுக்கடியால் உடலில் புகும் நூல் போன்ற புழுக்கள் நிணநீர்க் குழாய்களை அடைப்பதால் வரும் வீக்கம்). நிணநீர் என்பது இரத்தத்தைப் போலவே உடம்பெங்கும் ஓடும் வெளிறிய நீர். அது போக வழியில்லாமல் காலில் தங்கிவிடுகிறது. எனக்கும் அதே புழுதான். எனக்கு விரைவீக்கம் (விரைப்பையில் நீர் கோத்தல்). வேட்டி அதை மறைத்துவிடும். ஆனால் அகட்டித்தான் நடக்க வேண்டும். குந்தி உட்கார முடியாது. படி ஏற யாருடைய தோளாவது வேண்டும். எங்கள் பக்கத்தில் இந்த நோய் இல்லாத தெரு குறைவு. இருந்தும் யாரும் வாய் திறப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வீக்கத்தைவிடக் கொடியது அதனோடு வரும் காய்ச்சல். குளிர் நடுக்கும், தொடையிடுக்கில் நெறி கட்டும், கால் சிவந்து கொதிக்கும். நாலைந்து நாளில் தணியும்போது கால் முன்பைவிடக் கொஞ்சம் பெருத்திருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் இது வரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. வாவுக் காய்ச்சல் என்றே பெயர். பெருங்கடவிளை வைத்தியரும் அப்படித்தான் சொன்னார். முந்தைய வருடம் நேசம்மாளுக்குப் பதினான்கு முறை காய்ச்சல் வந்தது. ஒன்பது முறை வாவை ஒட்டி வந்தது. மீதி ஐந்தை நான் பொருட்படுத்தவில்லை.

எங்கள் மகள் எஸ்தர் 1946இல் கல்யாணமாகி இலங்கைக்குப் போனாள். மருமகன் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளார்க். அங்கே குடியுரிமைக்கு மனுக் கொடுத்திருந்தார்கள். முடிவு தெரியுமுன் நாட்டை விட்டு வெளியேறினால் மனு விழுந்துவிடுமோ என்ற பயத்தில் அவள் எட்டு வருடமாக ஊருக்கு வரவில்லை. அவள் போனபோது தாயின் கால் எல்லார் காலையும் போல இருந்தது. வீக்கம் பிறகு வந்தது. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுத நேசம்மாள் என்னை விடவில்லை.

"கடலுக்க அந்தப் பக்கம் இருந்து அவ அழுதா எனக்க காலு கொறஞ்சிருமா?" என்பாள்.

மகளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

பயணநாளை நான் குறித்தேன். ஜூலை 30 அமாவாசை. ஆகஸ்ட் 14 பௌர்ணமி. கப்பல் ஏறுமுன் இலங்கை அரசு நடத்தும் மண்டபம் முகாமில் சில நாள் தங்கி உடல்நிலையைக் காட்ட வேண்டும். காய்ச்சல் இருந்தால் விட மாட்டார்கள். மூன்றாம் தேதி புறப்பட்டால் இரண்டு வாவுக்கும் நடுவில் கடலைத் தாண்டிவிடலாம்.

திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற கிளர்ச்சி அப்போது மும்முரமாக இருந்தது. களியக்காவிளையில் பஸ் நின்றுவிட்டது. கடைகள் எல்லாம் அடைப்பு.

"எறங்குங்க, அங்கோட்டு போவாது" என்றார் கண்டக்டர்.

"எப்பம் போவும்?"

"எல்லை கிட்டின பொறவு போவும் ஆக்கும்."

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாங்கள் அடைத்த கடையொன்றின் இறவாரத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சாரல் அவள் கால்மேல் விழுந்துகொண்டே இருந்தது. இடம் மாறி உட்காரச் சொன்னேன், அசையவில்லை. பிறகு மாட்டு வண்டியில் தக்கலை, மறுநாள் பஸ்ஸில் திருநெல்வேலி, அங்கிருந்து ரயில். ஆறாம் தேதி காலை மண்டபம் சேர்ந்தோம்.

முகாமில் பெயர் பதிந்தவர், "மலையாளத்து ஆளுங்களா?" என்று கேட்டார்.

"தமிழ்தான்" என்றேன்.

"பேச்சைக் கேட்டா அப்படித் தெரியலையே."

நேசம்மாள் என் பக்கம் சாய்ந்து, "பாறசாலையில நம்மள பாண்டின்னு வெரட்டுதானுவ. இஞ்ச வந்தா மலையாளமாம். கடல்ல எறங்கினா மீனு என்ன சொல்லுமோ" என்றாள்.

எட்டாம் தேதி மாலை அவளுக்குக் குளிர் நடுக்கம் தொடங்கியது. பௌர்ணமிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. முகாம் ஆஸ்பத்திரி டாக்டரிடம் முதலில் இதைத்தான் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். அவள் புடவையை முழங்கால்வரை விலக்கினார்.

பழைய வேட்டியைக் கிழித்துப் பாதத்திலிருந்து முட்டுவரை இறுக்கிச் சுற்றியிருந்தாள். புறப்பட்ட அன்று கால் ஏன் சிறுத்துத் தெரிந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. டாக்டர் அவிழ்த்தார். பதினொரு சுற்று. துணி இன்னும் ஈரமாக இருந்தது. விரலிடுக்குகள் வெளுத்துப் பிளந்திருந்தன. அறையில் வாடை எழுந்தது.

"எப்ப கட்டினது, அம்மா?"

"பொறப்பட்ட அண்ணைக்கு."

"ஏன் கட்டினியள்?"

அவள் சுவரைப் பார்த்தாள். "எனக்க மவ பாத்துட்டுப் போன காலு வேற."

 டாக்டர் என்னைக் கிட்டே அழைத்து அந்தப் பிளவைக் காட்டினார். "இதுதான் ஐயா வாசல். கிருமி உள்ளுக்குப் போறது இதாலதான். அமாவாசைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

"பதினாலில் ஒன்பது வாவில்தான் வந்தது" என்றேன்.

"மற்ற அஞ்சும்?"



பெனிசிலின் (கிருமிகளைக் கொல்லும் மருந்து) ஊசி போட்டார்கள். நடுக்கம் அடங்கியதும் காலைக் கழுவும் முறையை டாக்டர் என்னைக்கொண்டே செய்வித்தார். என்னால் குந்த முடியாது என்றேன். ஒரு முக்காலி போட்டு, அவள் காலைத் தூக்கி என் மடியில் வைத்தார். சோப்பும் தண்ணீரும். மடிப்பு மடிப்பாகக் கழுவ வேண்டும்; தேய்க்கக் கூடாது. பிறகு ஒவ்வொரு விரலிடுக்கிலும் மெல்லிய துணியை விட்டு ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். பிளவில் ஊதா மருந்து. எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தொன்பது வருடம்; அவள் காலை நான் தொட்டது அன்றுதான்.

"கர்த்தாவே, ஆளுவ பாக்குதாவ" என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் தேதி பேப்பர் வந்தது. முந்தின நாள் மார்த்தாண்டத்தில் துப்பாக்கிச் சூடு. ஊருக்குத் திரும்பும் வழி அதுதான். விசாவின்படி நாங்கள் பதினைந்தாம் தேதிக்குள் அக்கரை சேர்ந்திருக்க வேண்டும். பின்னால் போக முடியாது. முன்னால் போக அவளுக்கு அனுமதி இல்லை.

"அம்மாவை இப்ப விட ஏலாது. ஐயா போகலாம். நீங்கள் திரும்பி வருமட்டும் அம்மா இங்க இருக்கட்டும்" என்றார் டாக்டர்.

"நீ இல்லாம நான் எதுக்குப் போவணும்?" என்று அவளைக் கேட்டேன்.

"நீங்க எல்லாத்தையும் எண்ணுவியளே. போயி எண்ணிட்டு வாருங்க. வந்து எனக்குச் சொல்லணும். ஒண்ணும் விடப்பிடாது." பிறகு கையைப் பிடித்துக்கொண்டாள். "காலு காரியம் மட்டும் அவளுக்குச் சொல்லாண்டாம். காய்ச்சல்ன்னு சொன்னா போரும்." சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

தனுஷ்கோடியில் போர்ட்டர் ஒருவர் தோள் கொடுத்துத்தான் கப்பல் ஏறினேன். கடலில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். ஹட்டன் ஸ்டேஷனில் எஸ்தர் என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் பெட்டிக்குள் பார்த்தாள். "அம்மை எங்கப்பா?" என்றாள். காய்ச்சல் என்றேன். அவள் மறுபடியும் பெட்டிக்குள் பார்த்தாள்.

நான்காம் நாள் காலை, வாசலில் அவள் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது செருப்பின் வார் மூன்றாவது துளையில் மாட்டியிருந்தது. இடது வார் கடைசித் துளையில் இருந்தது. அவள் வீட்டுக்குள்ளும் கம்பளிக் காலுறை போட்டே நடந்தாள்.

"மக்கா, அதைக் கழற்று."

"குளிருதுப்பா."

"ஒரு காலுக்கு மட்டும் ரெண்டு துளை கூடுதல் குளிருமா?"

சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கழற்றினாள். இடது கணுக்கால் எலும்பு தெரியவில்லை. விரலால் அழுத்தினேன், குழி விழுந்து மெல்ல நிரம்பியது. இரண்டு வருடமாம். இது எங்கள் ஊர்க் கொசுவிடமிருந்து சிறு வயதிலேயே வந்திருக்க வேண்டும். அவளுக்கு நான் கொடுத்த சீதனத்தில் எழுதாத ஒரு பொருள்.

"அம்மைக்குச் சொல்லப்பிடாது" என்றாள். "இஞ்ச இருக்க காலுக்கு அவ அங்க இருந்து அழுது என்ன கிட்டப் போவுது?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. நேசம்மாளுக்குக் கொடுத்த வாக்கை மீறி, அவள் காலைப் பற்றியும் பதினொரு சுற்றுத் துணியைப் பற்றியும் சொன்னேன். எஸ்தர் காலுறையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு நான் சோப்பும் வெந்நீரும் முக்காலியும் கேட்டேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு இரவில் இரத்தம் எடுத்தார்கள் (இந்தப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் தென்படும்). புழுவைக் கொல்லும் மாத்திரையும் கொடுத்தார்கள். ஆரம்பம் என்பதால் வீக்கம் கூடாமல் நிறுத்த முடியும் என்றார்கள். பழைய வீக்கத்தை மாத்திரை கரைக்காது. அதற்குக் கழுவுவதும் காலை உயர்த்தி வைப்பதும்தான் வழி.

இருபத்தேழாம் தேதி நான் மண்டபம் திரும்பியபோது நேசம்மாள் கட்டிலில் காலைத் தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் இல்லை. பிற்பகல் முழுவதும் சொன்னேன். வீட்டுக்குப் பதினான்கு படி. ஜன்னல் மூன்று, ஒன்றில் கண்ணாடி உடைந்தது. பேத்திக்கு மேல்பல் இரண்டு விழுந்திருக்கிறது. எஸ்தருக்கு இடது காதோரம் நரைமுடி ஒன்பது.

"சிரிச்சாளா?"

"நல்லா சிரிச்சது ரெண்டு தடவை."

"வேற?"

நான் துண்டை உதறி மடித்தேன்.

"எண்ணிட்டுச் சொல்லாம வச்சிருக்கது என்னமோ உண்டு. உங்க மொகத்துல தெரியுது."

சொன்னேன். வலது கணுக்கால் எட்டரை அங்குலம், இடது பத்து. அவள் அழுவாள் என்று நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தற தடவ கழுவச் சொன்னிய?"

"ரெண்டு."

"விரலுக்கு எடையில தொடைக்கச் சொன்னியளா? அவ பண்டே ஈரக்காலோட நடக்கவளாக்கும்."

"முன்னால இருந்து செய்து காட்டினேன்."

அதன் பிறகுதான் அழுதாள்.

இப்போது இரண்டு வருடம் ஆகிறது. இதே நோய் உள்ளவர்களுக்குச் சொல்ல என்னிடம் அதிசயம் ஒன்றும் இல்லை. நேசம்மாளுக்கு முதல் வருடம் மூன்று முறை காய்ச்சல் வந்தது. இந்த வருடம் இதுவரை ஒன்று. கெண்டைக்கால் பத்தொன்பது அங்குலத்திலிருந்து பதினேழுக்கு வந்து நிற்கிறது. அதற்குக் கீழே இறங்காது போலிருக்கிறது. வீக்கத்தை மறைக்கத் துணி சுற்றாதீர்கள். விரலிடுக்கைப் பாருங்கள். உங்களால் குனிய முடியாவிட்டால் இன்னொருவர் மடியில் காலைக் கொடுக்கக் கூச்சப்படாதீர்கள். மறுபடி விசாவுக்கு எழுதினோம், கிடைக்கவில்லை. மகளின் மனுவுக்கும் முடிவு வரவில்லை. எங்கள் ஊர் எல்லைக்கு எந்தப் பக்கம் விழும் என்று சந்தையில் இன்னும் வாதம் நடக்கிறது.

வாவு எப்போது என்று எனக்கு இப்போது தெரிவதில்லை. எங்களுக்குக் காலை ஆறு மணியும் மாலை ஆறு மணியும்தான் உண்டு. இரண்டு நாட்டிலும் கடிகாரம் ஒன்றுதான். விரல்களைத் துடைக்கும்போது, "இப்பம் அவளும் தொடைச்சிட்டு இருப்பா" என்று நேசம்மாள் சொல்வாள். நான் கொஞ்சம் மெதுவாகத் துடைப்பேன். மடியில் கால் வந்து அமர்ந்ததும் அளவுநாடா இல்லாமலே அதன் கனம் எனக்குத் தெரிந்துவிடுகிறது. சில நாள், மடியில் இருப்பது தாயின் காலா மகளின் காலா என்று கைக்குக் குழம்பிப்போகும். குழம்பினாலும் கை நிற்பதில்லை.

பாஸ்போர்ட், விசா, வண்டி, ரயில், மருந்து, நேசம்மாள் ஏறாத கப்பலுக்கு எடுத்த டிக்கெட் எல்லாம் சேர்த்து ஆன செலவு முந்நூற்று நாற்பத்தெட்டு ரூபாய் ஏழணா.