பத்து நிமிடம் முந்திய செல்வப்பிரியா

செல்வப்பிரியாவின் வீட்டில் எந்தக் கடிகாரமும் உண்மை பேசாது. கொழிஞ்சாம்பாறையில் தென்னையும் மாடும் வைத்திருக்கிற குடும்பம். பால் வண்டியைத் தவறவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் பத்து நிமிடம் முந்தி வைப்பார்கள். ஏமாறுவது தாங்கள்தான் என்று தெரிந்தே தினமும் சந்தோஷமாக ஏமாறுவார்கள்.

கஞ்சிக்கோட்டு வார்ப்பு ஆலையில் அவள் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். வார்ப்புகளைச் சோதித்து அறிக்கை எழுத வேண்டும். அறிக்கைகள் அவள் கணினியில் இருப்பதில்லை. பாலக்காடு, கோவை, சென்னை என்று பல ஊர் இயந்திரங்களில் பிரித்து வைத்து, ஒரே அலமாரி போலக் காட்டும் ஏற்பாடு அது. கறுப்புத் திரையில் கட்டளை தட்டி, பாஸ்வேர்டு கொடுத்தால்தான் திறக்கும்.

அந்தத் திங்கட்கிழமை, சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு ஞானம் என்ற அம்மையார் வந்திருந்தார். ஆறு மாத அறிக்கைகளையும் அவருக்குக் காட்ட வேண்டும். அது நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு சரி என்று மேலாளர் பிஜு முன்பே சொல்லியிருந்தார்.

கட்டளையைத் தட்டினாள். உள்ளே விடவில்லை. ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து மறுபடி தட்டினாள். ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. பதற்றத்தில் அதைப் படிக்கக்கூடத் தோன்றவில்லை. பின்னால் பிஜு தொண்டையைச் செருமினார்.

பாலக்காட்டில் அந்த அலமாரியைப் பராமரிக்கும் வெங்கடகிருஷ்ணனுக்கு போன் போட்டாள்.

"பாஸ்வேர்டு சரியாத்தானுங்க போடறேன், உள்ள உட மாட்டேங்குதுங்க."

"ஓம் மிஷின்ல மணி என்ன காட்றது?"

"பத்தரைங்க."

"இங்க பத்து இருபதுன்னா ஆறது! அஞ்சு நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா, மணி குத்தின பழைய அனுமதிச் சீட்டைத் திருடிண்டு யாரோ வந்திருக்கான்னு அது வாசல்லயே நிறுத்திடும்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஐந்தரை மணி கம்பெனி பஸ்ஸை விடக் கூடாதென்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளேதான் கணினியின் நேரத்தை முந்தி வைத்தாள். தொட்டில் பழக்கம் வேறெங்கே போகும்?

நேரத்தைத் திருத்திக் கட்டளையைத் தட்டினாள். திறந்தது! ஆறு மாத அறிக்கைகளும் வரிசையாக வந்து நின்றன. போன உயிர் திரும்பி வந்தது.

"என்னாச்சு, சர்வர் கம்ப்ளெயின்டா?" என்றார் பிஜு.

ஆமாங்க என்று ஒரு சொல் போதும். நாக்கு நுனிவரை வந்தும் விட்டது.

"இல்லீங்க சார். பஸ்ஸுக்கு நேரமாயிருமுன்னு நாந்தானுங்க மணியை முந்தி வெச்சுட்டேன். தப்பு என்னுதுங்க."

பிஜுவின் முகம் சுண்டிப் போனது. ஞானம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த ரிப்போர்ட் எல்லாம் நீ எழுதினதாம்மா?"

"ஆமாங்க மேடம்."

"அப்ப எல்லாத்தையும் குடைய வேண்டாம். நாலஞ்சை எடுத்துப் பார்த்தாப் போதும்." பிஜு பக்கம் திரும்பினார். "இவங்க பெர்மனென்ட் தானே?"

"இந்த மாசம் ஆக்கறோம் மேடம்" என்றார் பிஜு அவசரமாக.

செல்வப்பிரியா கைகழுவும் அறைக்குப் போய், குழாயைத் திறந்து விட்டுவிட்டு, ஆசைதீர அழுதாள்.