கேமராவைப் பார்த்த அம்மா

மூன்று டேக்கும் வீண். மூன்றிலும் அந்த அம்மா நேராகக் கேமராவையே பார்த்தார்.

கெலமங்கலம் ரோட்டில் ஒரு பஸ் நிறுத்தம். அப்போது நான் ஓசூரில் ஒரு ஸ்டுடியோவுக்காகக் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, லாரி கிளீனர், லோடிங் வேலை என்று சுற்றிவிட்டுக் கேமராவுக்கு வந்தவன். குறும்படம் எனக்கு அதுதான் முதல்.

டைரக்டர் செல்விக்கும் அதுதான் முதல். தேனிப் பக்கத்துப் பெண். ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, ஹாஸ்டல் வாசம். வேலைக்குப் போன மகளுக்காகப் பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கும் தாய், இதுதான் கதை. நடிக்கத் தன் அம்மாவையே ஊரிலிருந்து வரவழைத்திருந்தாள். அன்று சாயங்காலமே அவர் திரும்ப வேண்டும். செல்விக்கு மறுபடி லீவு கிடைக்காது. அந்த ஷாட் இல்லாவிட்டால் படமே இல்லை.

"எம்மா, ரோட்டப் பாருன்னா ஏன் இங்கயே பாக்குற?"

"ரோட்டுல என்னடி இருக்கு? நீ இங்கல்ல நிக்கிற. இப்படி எளச்சுப் போயிட்டியே, சோறு போடுறாங்களா இல்லையா?"

நிறுத்தத்துக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் சிரித்தார். "டைரக்டரம்மா, மொதல்ல சாப்ட்டு வந்து படம் எடு."

செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவளைத் தனியே அழைத்தேன்.

"பாப்பா, நீ பஸ் வர்ற பக்கமா நடந்து போ. அந்த வளைவத் தாண்டி நில்லு."

"அப்ப ஷாட்ட நான் பாக்க வேணாமாண்ணே?"

"நீ இங்க நின்னா ஷாட்டே கெடையாது."

போனாள். வளைவில் அவள் மறைந்ததும் அம்மா எழுந்துவிட்டார்.

"எங்கய்யா போறா?"

"வந்துருவாம்மா."

கேமராவை ஓடவிட்டேன். நெற்றியில் கை வைத்து ரோட்டைப் பார்த்தபடி நின்றார். வளைவில் ஒவ்வொரு வண்டி திரும்பும்போதும் ஓர் எட்டு முன்னால் வந்தார். ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. தேவையானது கிடைத்த பிறகும் எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. நான் வீட்டைவிட்டுக் கிளம்பிய பிறகு எனக்காக யாராவது இப்படி நின்றார்களா என்று நினைத்துக்கொண்டேன். தெரியாது. நான் திரும்பிப் போனதில்லை.

எடிட்டிங்கின்போதுதான் செல்வி அந்த ஷாட்டை முதல்முறையாகப் பார்த்தாள். மறுபடி ஒருமுறை ஓடவிடச் சொன்னாள்.

"ஒவ்வொரு தடவ நான் பஸ் ஏறுனப்பவும் இப்படித்தான் நின்னுச்சாண்ணே?"

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கல்யாண வீட்டில் பெண்ணை வழியனுப்பும்போது, கார் போனதும் கேமராவை அணைத்துவிடாதீர்கள். வாசலில் நிற்பவர்கள் பக்கம் திருப்புங்கள். அவர்கள் உள்ளே போகும்வரை ஓடட்டும்.