இரண்டு காட்சியில் வந்துபோன ஆள்

எங்கள் குழுவுக்கு ஒரு பைத்தியக்கார வழக்கம் உண்டு. ஞாயிறுதோறும் டிவியில் வரும் ஒரு வங்காளத் துப்பறியும் தொடரை, ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு, காட்சி காட்சியாக இணையத்தில் எழுதி வைப்போம். கதைச் சுருக்கம் ஒருவர், வசனம் ஒருவர், எந்தத் தெருவில் எடுத்தார்கள் என்பது இன்னொருவர். சம்பளம் கிடையாது, சண்டை மட்டும் நிறைய. அதில், இங்கே வங்காளத்துக்குக் குடிவந்த தமிழ்க்காரி நான் ஒருத்திதான். எல்லாரும் என்னை ‘பௌதி’ என்பார்கள். அண்ணி என்று அர்த்தம்.

தொடரை எடுக்கிறவர்கள் பொல்லாதவர்கள். கொலைகாரனை ஆரம்பத்திலேயே பின்னணியில் சும்மா நடக்க விட்டுவிடுவார்கள். டீ குடித்துக்கொண்டு நிற்பான், ரிக்‌ஷாவுக்குக் கை காட்டுவான். போன சீசனில் எங்களில் ஒருத்தருக்கும் அது பிடிபடவில்லை. வெட்கக்கேடு! அதிலிருந்து, ஒரே எபிசோடில் இரண்டு தடவை தலைகாட்டும் எவரையும் நாங்கள் விடுவதில்லை. படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, சட்டையிலிருந்து செருப்பு வரை எழுதிவிடுவோம்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் ரசத்தை இறக்கி வைத்துவிட்டுப் போனைத் திறந்தேன். ‘சந்தேகப்பட வேண்டியவர்கள்’ என்ற இடத்தில் புதுசாக ஒன்று சேர்ந்திருந்தது. எழுதியவர் எங்கள் குழுவிலேயே மூத்தவர், ரிட்டயர் ஆன வாத்தியார். எனக்கு வங்காளம் பேச வரும், படிக்கத்தான் எழுத்துக் கூட்டவேண்டும். கூட்டிக் கூட்டிப் படித்தேன்.

‘நீலக் கட்டம் போட்ட சட்டை. வயது ஐம்பதுக்கு மேல். முதல் காட்சியில் பாலிகஞ்சில் ஒரு ஸ்கேன் சென்டருக்குள் வெறுங்கையோடு போகிறார். கடைசிக் காட்சியில் பெரிய வெள்ளைக் கவரோடு அதே வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறார். இவர் எதையோ மறைக்கிறார். ரொம்பப் பயந்திருக்கிறார். என் கணிப்பில் கொலையாளி இவர்தான்.’

கீழே இரண்டு படம். அதற்குக் கீழே எல்லாருடைய கைதட்டலும்.

படத்தில் இருந்தது என் வீட்டுக்காரர்.

முதலில் பக்கென்று சிரித்துவிட்டேன். கரப்பான் பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிற மனுஷன், கொலையாளியாம்! நானும்தான் ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்தேன். துப்பறிகிறவரைப் பார்ப்பேனா, அவருக்குப் பின்னால் மங்கலாகத் தெரிகிற புருஷனைப் பார்ப்பேனா? சிரித்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கினேன். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. ஊரின் மறுகோடியில், நியூ டவுனில் ஆபீஸ் சீட்டில் இருக்கவேண்டியவர் பாலிகஞ்சில் என்ன செய்கிறார்? அந்தக் கவர் ஸ்கேன் படம் போட்டுக் கொடுக்கிற கவர். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

இந்தத் தொடரை எடுத்து ஒளிபரப்ப ஒரு மாசத்துக்கு மேலே ஆகும். அப்படியென்றால் இவர் ஒரு மாசமாக எதையோ உள்ளே வைத்துக்கொண்டு என் கையால் சாப்பிட்டிருக்கிறார். யோசிக்க யோசிக்க எல்லாம் வரிசையாக வந்து நின்றது. திடீரென்று என்னை உட்காரவைத்து, கரண்ட் பில்லை போனிலேயே எப்படிக் கட்டுவது என்று சொல்லிக்கொடுத்தாரே. இன்ஷூரன்ஸ் பேப்பர் எந்த அலமாரியில் என்று காட்டினாரே. ‘இப்ப எதுக்குங்க இதெல்லாம்?’ என்று கேட்டதற்கு, ‘சும்மா தெரிஞ்சு வச்சுக்கோ’ என்றாரே. கடவுளே, என்னைத் தனியாக இருக்கப் பழக்கியிருக்கிறார் இந்த மனுஷன்!

போன் பண்ணக் கை போனது. ஆபீஸில் நாலு பேர் நடுவில் வைத்து எப்படிக் கேட்பது? பண்ணவில்லை. ரசம் ஆறிப்போனது. சாயங்காலம் வரை ஜன்னலோரம் நின்று, எங்கள் டாக்குரியா ஸ்டேஷன் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு தலையையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. போனை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“அட, நான் டிவில வந்துட்டேனா!” என்று இளித்தார்.

“இளிக்காதீங்க. உடம்புக்கு என்ன? இப்ப சொல்லுங்க, இல்லைன்னா கத்தி மேல்வீட்டுக்காரங்களைக் கூப்பிடுவேன்.”

சிரிப்பு நின்றது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இருமல் விடாம இருந்துச்சுல்ல? படம் எடுத்தாங்க. நுரையீரல்ல ஒரு புள்ளி. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது.”

“கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு” என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

“ஏய், முழுசாக் கேளு. அதுக்கப்புறம் வேற டெஸ்ட்டும் எடுத்தாச்சு. பழைய தழும்பாம். சின்ன வயசுல எப்பவோ சளி கட்டி ஆறினது. ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. இருமலும் நின்னு போச்சே, நீ கவனிக்கலையா?”

“எப்ப சொன்னாங்க?”

“மூணு வாரம் இருக்கும். சரியாப் போன அப்புறம் சொல்லி உன்னை எதுக்குப் பயமுறுத்தணும்னு…”

கைக்குக் கிடைத்த துண்டால் முதுகில் இரண்டு போட்டேன். நல்லாவே போட்டேன். அப்புறம் ரிப்போர்ட்டை எடுத்து வரச்சொல்லி, ஒரு வரி விடாமல் நானே படித்தேன். பழைய தழும்புதான் என்ற கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கி வெளியே வைத்த மாதிரி இருந்தது. அப்பாடா! மதியத்திலிருந்து அப்போதுதான் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

அதற்குள் அவர் என் போனை எடுத்து, தன்னைப் பற்றி வாத்தியார் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தார். வங்காளம் என்னைவிட நன்றாகப் படிப்பார். கேலி செய்வார் என்று பார்த்தேன். செய்யவில்லை.

“ரொம்பப் பயந்திருக்கேன்னு சரியாத்தான் எழுதியிருக்கார்” என்றார். “அந்தப் படியில உக்காந்து உனக்குத்தான் போன் போட எடுத்தேன். நீ அழுவியேன்னு வச்சுட்டேன்.”

“இப்பவும்தான் அழறேன்” என்றேன். மூக்கெல்லாம் ஒழுகியது.

“இப்ப அழு,” என்றார். “இப்ப பரவாயில்லை.”