ரஃபியா டீச்சரின் ஒரு வரி

உத்தமபாளையத்தில் வரலாறு நடத்தும் ரஃபியாவுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. கணினியில் இருப்பதை, புள்ளிகள் எழும் பிரெயில் கருவியில் விரலால் தடவிப் படிப்பார். ஆனால் அவருடைய கணினியின் லினக்ஸ் இயங்குதளத்தில், அந்தக் கருவியை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் தானாக ஏறாது. தினமும் கணக்கு ஆசிரியர் பிலவேந்திரன் வந்து கட்டளை அடித்தால்தான் புள்ளிகள் எழும். அன்றும் அடித்துவிட்டு அவர் கேட்டார்:

"நாளைலருந்து எனக்குப் பயிற்சி வகுப்பு, டீச்சர். இங்கன யாரு வந்து போடுவாக?"

"யாரும் வர வேணாம் சார். கம்ப்யூட்டர் ஆன் ஆகுறப்ப ஏத்த வேண்டிய டிரைவருக்குன்னு ஒரு ஃபைல் இருக்கு. அதுல இந்த டிரைவரோட பேரை எழுதிட்டாப் போதும்."

தாமே தேடிப் படித்திருந்த ரஃபியா, அந்த ஒரு வரியை அடித்து, எழுத்தெழுத்தாக விரலால் சரிபார்த்தார். கணினியை அணைத்து மறுபடி போட்டார். சற்று நேரத்தில் விரலுக்கடியில் புள்ளிகள் எழுந்தன.

"வந்திருச்சா டீச்சர்?"

"வரும்னு சொன்னேன்ல சார்," என்றபடி அன்றைய பாடத்தைத் திறந்தார்.