உள்ளங்கை லாரிக்கு எலுமிச்சம்பழம்

பிள்ளைகளே, என் மகள் மலர்விழி மாடல் லாரி ஒன்று செய்தாள். பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி, அரம் போட்டுத் தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்தாள். உள்ளங்கை நீளம்தான், ஆனால் சக்கரம் நிஜமாகவே உருளும். மறுநாள் பள்ளிக் கண்காட்சியில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

வாடிப்பட்டியிலிருந்து வந்த என் மைத்துனன் சும்மா இருக்கவில்லை. "புது வண்டி மச்சான்! திருஷ்டிக்கு எலுமிச்சம்பழத்து மேல ஏத்தாம எடுக்கலாமா?"

"வேணாம்ப்பா, அச்சு ஊசி கனம்தான் இருக்கு," என்றாள் மகள்.

"பேருக்கு லேசா ஏத்துவோம் தாயி," என்று இருப்பதிலேயே சின்னப் பழத்தின் மேல் லாரியை வைத்து அழுத்தினேன். பழம் நசுங்கவில்லை. முன் அச்சு 'டக்'கென்று முறிந்தது. பதறிப்போய் உடனடிப் பசையை ஊற்றினேன். அது வழிந்து சக்கரங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

"திருஷ்டியே நீங்கதாம்ப்பா!" என்று அழுதாள். எனக்கு என் மேலேயே அம்புட்டு எரிச்சல்.

கண்காட்சியில் அவள் லாரிக்குப் பின்னால் நாலு கல்லும் ஒரு வேப்பங்கொத்தும் வைத்து, 'பழுதாகி நிற்கும் லாரி' என்று எழுதினாள். எல்லோரும் ரசித்தார்கள். எனக்குத்தான் உருளாத அந்தச் சக்கரம் இன்னும் உறுத்துகிறது.

இப்போது அடுத்த லாரி தயாராகிறது. அவள் கூப்பிடாமல் நான் கை வைப்பதில்லை. எலுமிச்சம்பழத்தைச் சாறு பிழிந்து அவளுக்கே கொடுத்துவிடுகிறேன்.